மக்மூர் அகதி முகாம்

துருக்கியின் தென்கிழக்கு மலைப்பகுதியிலிருந்து தப்பிவந்த குர்து கிராமத்தார் 1998 முதல் வட ஈராக்கில் வாழ்ந்துவரும் குடியிருப்பு மக்மூர் அகதி முகாம். எர்பில் நகருக்குத் தென்மேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், வறண்ட சமவெளியில் அமைந்துள்ளது. இங்கு ஏறத்தாழ 12,000 பேர் வசித்துவந்துள்ளனர். இவர்களில் பெரும்பாலோர் ஷிர்னாக், ஹக்காரி மாகாணங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஆவர்.

பின்னணி

துருக்கி அரசுக்கும் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் (பி.கே.கே.) இடையே 1984 ஆகஸ்டில் ஆயுத மோதல் தொடங்கியது. மறு ஆண்டே, கிராமத்தாருக்குச் சம்பளமும் துப்பாக்கியும் தந்து ‘கிராமக் காவலர்’ படையை அரசு உருவாக்கியது. 1987இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, சில மாகாணங்களில் 2002 வரை நீடித்தது.

காவலர் படை சாதாரணக் குடியானவர்களை இருபுறமும் நெருக்கியது. சேர்ந்தவர்களைப் பி.கே.கே. பகைவராகக் கருதியது. 1987 ஜூனில் பினார்ஜிக் கிராமத்தை அது தாக்கியதில் குழந்தைகள் உட்பட 30 பேர் கொல்லப்பட்டனர். சேர மறுத்த ஊர்களோ கிளர்ச்சியாளருக்குச் சோறு போடும் ஊர்களாக ராணுவத்தின் கண்ணில் பட்டன. கோடைக்கால மேய்ச்சல் நிலங்கள் அடைக்கப்பட்டன. ஆடு மாடுகளை நம்பிப் பிழைத்த மலைவாசிகளுக்கு அதுவே பேரிடி. அடுத்து உணவுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. இறுதியில் வீடுகளும் தோட்டங்களும் கொளுத்தப்பட்டன.

துருக்கி நாடாளுமன்றக் குழு 1998இல் அளித்த அறிக்கையின்படி, 905 கிராமங்களும் 2,523 குக்கிராமங்களும் காலியாயின. வெளியேறியோர் 3,78,335 பேர். ஹஜத்தெபே பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ஆய்வோ இந்த எண்ணிக்கையை 9.5 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் இடையே மதிப்பிட்டது. பெரும்பாலோர் தியார்பகிர், இஸ்தான்புல் போன்ற நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஒதுங்கினர்.

எல்லை தாண்டல்

1994 மார்ச் 26 அன்று ஷிர்னாக் பகுதியிலுள்ள குஷ்கோனார், கோச்சாக்கிலி கிராமங்கள்மீது போர் விமானங்கள் குண்டு வீசியதில் 38 பேர் மாண்டனர். உயிர் தப்பியோர் ஊரையே கைவிட்டனர். பழியைப் பி.கே.கே. மீது அரசு சுமத்தியது. ஆனால் அன்றைய விமானப் பறப்புப் பதிவேடுகள் உட்பட்ட சான்றுகளை ஆராய்ந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குண்டு வீசியவை துருக்கி ராணுவ விமானங்களே என்று 2013இல் தீர்ப்பளித்தது. அதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

குண்டுவீச்சு நடந்த அதே காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மலைகளைக் கடந்து ஈராக்கினுள் நுழைந்தனர். தற்காலிக முகாம்கள் பலவற்றில் அலைந்தபின் அத்ரூஷ் முகாமில் தங்கினர். அங்கே பி.கே.கே.யின் செல்வாக்கு மிகுந்துவிட்டது என்று கூறி, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் 1997இல் அம்முகாமை மூடியது. மீண்டும் அலைந்தவர்கள் 1998இல் மக்மூரில் குடியேறினர்.

முகாம் வாழ்க்கை

கூடாரங்களில் தொடங்கிய குடியிருப்பு, நாளடைவில் வீடுகளும் பள்ளிகளும் மன்றங்களும் கொண்ட ஊராக வளர்ந்தது. இதன் தனிச்சிறப்பு கல்வி. துருக்கிப் பள்ளிகளில் இக்குழந்தைகளின் தாய்மொழிக்கு இடமிருக்கவில்லை. இங்கோ முகாம் ஆசிரியர்களே குர்மாஞ்சி மொழியில், லத்தீன் எழுத்தில், பாடநூல்களை உருவாக்கினர். ஊரையும் நிலத்தையும் இழந்தவர்கள் மொழியை இழக்காமல் அடுத்த தலைமுறையிடம் சேர்த்தது பெரும் சாதனை.

தாக்குதல்களும் தடைகளும்

2014 ஆகஸ்டில் இஸ்லாமிய அரசு (ஐ.எஸ்.) அமைப்பு மக்மூரைக் கைப்பற்றியது. முகாமிலிருந்தோர் மறுபடியும் தப்பியோடினர். சில நாள்களில் குர்துப் படைகள் அதை மீட்டதும் படிப்படியாகத் திரும்பினர். முகாமைப் பி.கே.கே.யின் தளமாகக் கருதும் துருக்கி, இங்கு பலமுறை வான்தாக்குதல் நடத்தியுள்ளது. 2019இல் எர்பிலில் துருக்கித் தூதரக அதிகாரி கொல்லப்பட்டதை அடுத்து, முகாமில் உள்ளோர் அந்நகருக்குள் நுழையக் கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வேலைக்கும் மருத்துவத்துக்கும் எர்பிலை நம்பியிருந்த குடும்பங்கள் இதனால் பெரிதும் அல்லற்பட்டன.

ஊர் திரும்பல்

2009 அக்டோபரில் சமாதான முயற்சியாக ஒரு குழு ஹாபூர் எல்லை வழியாகத் துருக்கிக்குச் சென்றது. அதன் 34 பேரில் 26 பேர் மக்மூர்வாசிகள். அவர்களில் பலர்மீது பின்னர் வழக்குகள் தொடரப்பட, திரும்பலாம் என்ற நம்பிக்கை நொறுங்கியது. 2025 மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்திருப்பது புதிய வாய்ப்பு. ஆனால் ஆயுதங்கள் ஓய்வது மட்டும் போதாது. திரும்புவோருக்கு வழக்குப் பயமின்றி நுழையும் உரிமையும், தம் நிலமும், அங்கே தம் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கும் பள்ளியும் உறுதியாக வேண்டும்.