கப்பலில் வந்த குதிரையும் பெட்டியில் வரும் பாம்பும்

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் அரபுக் குதிரை வணிகத்தைப் பெருமிதத்தோடு குறிப்பிடத் தவறுவதில்லை. தேனி மாவட்டத்தின் கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் வாழும் இராவுத்தர் சமூகத்தாருக்கு அப்பெருமிதம் இன்னும் நெருக்கமானது. குதிரை வீரனைக் குறிக்கும் சொல்லே அவர்களின் பெயராக விளங்குகிறது. அருணகிரிநாதர் முருகனையே 'ராவுத்தன்' என்று விளித்திருப்பதால், அச்சொல் தமிழ் மண்ணில் பெற்றிருந்த மதிப்பை உணரலாம். ஆனால், கடல் கடந்து வந்த அக்குதிரைகளின் கதி என்னவாயிற்று என்பதை நாம் அரிதாகவே கேட்கிறோம்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி விரிவானது. கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரையில் இறக்க உடன்பாடு செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராயிருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வந்திறங்கிய குதிரைகளுக்கு இங்கே வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் தீனியாயின. காய்ச்சிய பசும்பால் குடிக்கக் கொடுக்கப்பட்டது. முளையடித்து நாற்பது நாள் கட்டிக் கொழுக்க வைத்தபின், உரிய பயிற்சியின்றி அவற்றின்மீது ஏறிச் செலுத்தினர். வலிமையான குதிரைகளும் விரைவில் நலிந்தன என்கிறார் வஸ்ஸாஃப். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னும் கடுமையாக எழுதுகிறார். மன்னர் வாங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லையாம். குதிரை வைத்தியர் இந்நாட்டிற்கு வருவதை வணிகர்களே தடுத்தனர் என்றும், குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் விற்பனை நடக்கும் என்பதே காரணம் என்றும் அவர் குற்றஞ்சாட்டுகிறார்.

அயல்நாட்டுப் பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும், அவ்வுடன்பாட்டின் அமைப்பை நோக்குங்கள். விற்றவருக்கு நட்டமில்லை, வாங்கிய மன்னருக்குக் கருவூலம் இருந்தது. இழப்பு முழுவதையும் சுமந்தது வாயற்ற பிராணி. விலங்கு வந்தது; அதைப் பேணும் அறிவு உடன்வரவில்லை.

அக்குறை இன்றும் தீரவில்லை. அன்று போருக்காக வந்தன. இன்று வீட்டு அலங்காரத்திற்காகக் கொண்டுவரப்படுகின்றன. தாய்லாந்திலிருந்து பயணப் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட மலைப்பாம்புகளும் ஆமைகளும் சிறு குரங்குகளும் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1976இல் இணைந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், அவ்வுடன்படிக்கையின் பட்டியல்களிலுள்ள அயல்நாட்டு விலங்கை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. அதன் பிறப்பையும் இறப்பையும்கூட அறிவிக்க வேண்டும். இறப்புக்கும் கணக்குக் கேட்கும் இவ்விதி, அன்றைய உடன்பாட்டிற்கு நேர் எதிரானது.

மார்க்கம் செல்லப்பிராணி வளர்ப்பைத் தடுக்கவில்லை. அபூ உமைர் என்ற சிறுவரின் குருவி இறந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அறுபது பயன்களை எடுத்துரைத்துத் தனி நூலே எழுதினார். ஆனால், பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேட விடவும் செய்யாத பெண் நரகத்திற்குரியவளானாள் என்ற புகாரியின் ஹதீஸும் நம்முன் உள்ளது.

அயல்நாட்டு விலங்கிலோ இரண்டாவது வழியும் அடைபட்டிருக்கிறது. நாணயமளவில் வாங்கப்படும் அமெரிக்கச் செங்காது ஆமை, தட்டளவு வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழும். சலித்துப்போய் அதை முல்லையாற்றிலோ வைகையிலோ விட்டால், நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறிக்கும். எனவே, விட்டுவிடுவதும் ஈரமான செயலாகாது.

பிராணி ஓர் அமானிதம். அதன் தீனி யாது, நோயுற்றால் யாரிடம் கொண்டுசெல்வது, அதன் ஆயுள் எவ்வளவு என்று அறியாதவர் அதை விலைகொடுத்து வாங்குவது முறையன்று. நம் முன்னோரின் கப்பல்களை இனியும் பெருமையோடு நினைப்போம்; அக்கப்பல்களில் வந்து மடிந்த குதிரைகளையும் அவ்வரலாற்றிலேயே சேர்த்து எழுதுவோம்.