ஒரே ஆபரேஷன், ரெண்டு விதமான நோய்: பாராதைராய்டின் கதை

1870-கள். ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஊர்களில் அயோடின் பற்றாக்குறை. கழுத்தில் பெரிய கழலையோடு நடமாடுபவர்கள் ஏராளம். சிலருக்கு அது மூச்சுக்குழாயையே நசுக்கும். வெட்டி எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

வியன்னாவில் பில்ராத், பெர்னில் கோக்கர். ரெண்டு பேருமே அந்தக் காலத்து ஜாம்பவான் சர்ஜன்கள்.

பில்ராத்திடம் ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்கு சில நாட்களிலேயே கைவிரல்கள் இழுத்துக்கொண்டன. உடம்பெல்லாம் தசைப்பிடிப்பு. சிலர் இறந்தே போனார்கள்.

கோக்கரின் நோயாளிகள் நல்லாத்தான் வீட்டுக்குப் போனாங்க. பிரச்சனை பிறகுதான் வந்தது. 1874-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழுத் தைராய்டையும் எடுத்தார். பொண்ணு ஆளே மாறிட்டா என்று பின்னாளில் தகவல் வந்தது. கோக்கர் பழைய நோயாளிகளைத் தேடி வரவழைத்தார். அந்தச் சிறுமியின் தங்கை நெடுநெடுன்னு வளர்ந்து நிற்க, இவள் வளராமல், முகம் உப்பி, மந்தமாகியிருந்தாள். முழுசாக எடுக்கப்பட்டு, அவர் மறுபடி பார்த்த 18 பேரில் 16 பேருக்கு இதே கதி. 1883-ல் மறைக்காமல் அறிவித்தார். இதுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, ஒரே உறுப்பை எடுத்தா எப்படி ரெண்டு நோய் வரும்?

விடையின் பாதி 1880-லேயே அச்சாகியிருந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர், 1877-ல் நாயின் தைராய்டு பக்கத்தில் குட்டியாக ஏதோ ஒன்றைப் பார்த்தார். பிறகு 50 மனித உடல்களில் தேடினார். 'பாராதைராய்டு' என்று பெயர் வைத்தார். பெரிசா யாரும் கண்டுக்கல. 1889-ல் 37 வயதில் இறந்தார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரெண்டும் வேற வேற ஆள்.

தைராய்டு என்பது குட்டிக் குட்டி ஜாடிகளை நெருக்கி அடுக்கின மாதிரி. ஒவ்வொரு ஜாடியின் சுவரும் ஒரே வரிசை செல்கள். உள்ளே கூழ் போன்ற கொலாய்டு. அதில் மாதக்கணக்குக்குத் தேவையான ஹார்மோன் சேமிப்பில் இருக்கும். ரத்தத்தில் கலந்த ஹார்மோனும் பாதியாகக் குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

அரிசி அளவே உள்ள பாராதைராய்டில் இந்த ஜாடியே கிடையாது. செல்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கும், நடுவே ரத்தநாளங்கள். பெரிய சேமிப்பு இல்லை. கால்சியம் குறைந்தா உடனே சுரக்கணும், அவ்வளவுதான் வேலை. அதன் ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிஷம்தான் தாங்கும்.

அதனால்தான் தைராய்டு போனவர் மெதுவாக மந்தமானார். பாராதைராய்டு போனவருக்குச் சில நாளிலேயே கால்சியம் சரிந்து கை இழுத்தது.

இருவரின் ஆபரேஷனையும் நேரில் பார்த்த அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் மீதியை விளக்கினார். கோக்கர் நிதானமாக, ரத்தமே சிந்தாத மாதிரி தைராய்டை மட்டும் துடைத்தெடுத்தார். பாராதைராய்டு பின்னால் பத்திரமாக இருந்தது. பில்ராத் கை வேகமானது. தைராய்டில் கொஞ்சம் மிச்சமாகும், பாராதைராய்டு போய்விடும்.

1909-ல் கோக்கருக்கு நோபல் பரிசு. அதே வருஷம் பால்டிமோரில் மெக்கல்லமும் வோக்ட்லினும் பாராதைராய்டு எடுத்த நாய்களுக்குக் கால்சியம் கொடுத்து இழுப்பை நிறுத்திக் காட்டினார்கள்.

இன்னைக்கும் முழுத் தைராய்டை எடுத்த மறுநாள் ரவுண்ட்ஸில் கேட்போம்: "உதட்டைச் சுத்தி, விரல் நுனியில மரத்துப்போற மாதிரி இருக்காம்மா?" ஆமான்னு சொன்னா, உடனே கால்சியம் பார்ப்போம்.