இடக்கண்ணும் வலத்தோளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபராக 1901 முதல் 1909 வரை இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தம் சுயசரிதையை 1913இல் வெளியிட்டார். (பிற்காலத்தில் அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு; இருவரும் தூரத்து உறவினர்.) குத்துச்சண்டைப் பழக்கத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். வெள்ளை மாளிகையில் வாழ்ந்த நாளில், பீரங்கிப் படையைச் சேர்ந்த இளங்காப்டன் ஒருவருடன் கையுறை அணிந்து பொருதபோது, அவர் விட்ட குத்தொன்று கண்ணில் பட்டு நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்தன. அன்று முதல் அக்கண் மங்கியது. நல்ல வேளையாக அது இடக்கண். வலக்கண்ணாய் இருந்திருப்பின் தம்மால் துப்பாக்கி சுடவே இயலாது போயிருக்கும் என்பது அவர் எழுதியதன் சாரம்.

மங்கியது என்பது அடக்கமான சொல். பதவியை விட்டு இறங்கும் தறுவாயில் அக்கண் ஏறத்தாழ ஒளியிழந்திருந்தது. அந்நிலையில்தான் அவர் தம் ஐம்பதாம் வயதில் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் புறப்பட்டார். ஒரு கண்ணை இழந்தவர் எவ்வாறு வேட்டையாடினார் என்பது ஆராயத்தக்கது. அவருடைய துப்பாக்கிகளைப் பற்றி எழுதியவர் பலர். அவருக்குக் கண்ணாக இருந்த மனிதர்களைப் பற்றி எழுதியவர் சிலரே.

இடக்கண் போனது எவ்வகையில் நல்வாய்ப்பு? துப்பாக்கியை வலத்தோளில் அணைப்பவர் அதன் மரக்கட்டையில் வலக்கன்னத்தைச் சாய்க்கிறார். சாய்த்ததும் வலக்கண் குழலுக்கு நேராக வந்து நிற்கிறது. பின்குறியின் பள்ளம், குழல்முனையில் உள்ள முன்குறியின் மணி, அப்பால் நிற்கும் விலங்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்துவது அந்த ஒற்றைக் கண்ணின் வேலை. இருகண்ணும் உள்ளவர்களிலேயே பலர் அந்நேரத்தில் இடக்கண்ணை மூடிக்கொள்வர். ஆகவே விசையை இழுக்கும் நொடியில் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரிய குறையில்லை. குறையெல்லாம் அதற்கு முந்திய நொடிகளில்தான். விலங்கு எங்கே நிற்கிறது, எத்தனை கஜத் தொலைவு, இடப்பக்கத்துப் புதரில் அசைவது காற்றா, காட்டெருமையா? இவற்றை ஒற்றைக் கண் அறிவது கடினம்.

வலக்கண் போயிருந்தால் சுடவே முடியாது என்று அவர் கருதியது முற்றும் சரியன்று என்பேன். லண்டனிலும் பர்மிங்காமிலும் இருந்த துப்பாக்கி வினைஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி கண்டிருந்தனர். தோளை மாற்றிப் பழகுவது ஒரு வழி. முப்பதாண்டு வலத்தோளில் சுட்டவருக்கு அது எளிதில் கைவராது. கால் வைப்பும் கையோட்டமும் எல்லாம் தலைகீழாகும். அத்தகையவருக்கென்றே, மாறுகண் கட்டை என்று பொருள்படும் பெயரில் ஒரு மரக்கட்டையைச் செய்தனர். கட்டையின் அடி வலத்தோளில் பதியும். அங்கிருந்து அது கன்னத்தின் கீழாக இடப்புறம் வளைந்து சென்று குழலை இடக்கண்ணுக்கு நேரே கொண்டு நிறுத்தும். பார்ப்பதற்குக் கோணல், சுடுபவருக்கோ நேர். வளைவின் போக்கிலேயே இழையோடும் அக்ரோட்டு மரத்தைத் தேர்ந்து கடையாவிட்டால் வெடியின் உதைப்பில் கட்டை பிளந்துவிடும். தையற்காரர் உடம்பை அளப்பதுபோல் வினைஞர் தோளையும் கழுத்தையும் கண்ணையும் அளந்தார். அதற்கென மூட்டுகளைத் திருகி நீட்டவும் மடக்கவும் கூடிய அளவுத் துப்பாக்கி ஒன்றும் நூற்றாண்டின் இறுதியில் வழக்கத்துக்கு வந்தது.

இப்படியொரு தொழில் நிலைபெற்றதற்கு அந்நாளைய வேட்டை விருந்துகளும் ஒரு காரணமாகலாம். பறவைக்கு விட்ட சிறுகுண்டுகள் பக்கத்தில் நின்றவரின் கண்ணைப் பறித்ததுண்டு. விக்டோரியா அரசியின் மருமகன் கிறிஸ்டியன் இளவரசர் 1891இல் அப்படித்தான் ஒரு கண்ணை இழந்தார். சுட்டவர் அரசியின் மகனே.

கருவியை மாற்றாமல் உடம்பையே மாற்றிக்கொண்டவரும் உண்டு. பட்டோடி நவாப் மன்சூர் அலி கான் 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்தார். ஆறே மாதம் கழித்து, 1962 ஜனவரியில், சென்னையில் அதே இங்கிலாந்து அணிக்கெதிராக 103 ஓட்டங்கள் எடுத்ததை நம் குடும்பத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அவர் தொப்பியை வலக்கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினார். ஆனால் பந்து தானே தம்மை நோக்கி வரும். வேட்டையிலோ குறியைத் தேடிக் காண வேண்டியவர் வேடர்.

ரூஸ்வெல்ட்டின் கண்கதை குத்துச்சண்டைக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1872இல், பதின்மூன்றாம் வயதில், தந்தையார் அவருக்கு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கித் தந்தார். உடன் வந்த சிறுவர் பறவைகளைக் கண்டு சுட்டனர். இவருக்கோ பறவையே தெரியவில்லை. தூரத்து விளம்பரப் பலகையின் எழுத்துகளை அவர்கள் உரக்கப் படித்தபோது, இவருக்கு அங்கே எழுத்து இருப்பதே புலப்படவில்லை. அதன் பிறகுதான் மூக்குக்கண்ணாடி வந்தது. உலகம் இத்தனை அழகு என்பதை அன்றுதான் அறிந்தாராம். அக்குளிர்காலத்திலேயே குடும்பத்தோடு எகிப்து சென்று, நைல் நதியில் படகில் போய்க்கொண்டே பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார்.

எனவே 1909இல் அவரிடம் எஞ்சியிருந்த வலக்கண்ணும் கண்ணாடியின்றிப் பயன்படாத கண். ஒரு வில்லை உடைந்தாலும், மழைத்துளியோ வியர்வை ஆவியோ அதில் படிந்தாலும், அவர் நடுக்காட்டில் குருடர். ஆகையால் ஒன்பது சோடி மூக்குக்கண்ணாடிகளை எடுத்துச் சென்றார். (பன்றித்தோல் கட்டுப்போட்ட ஏறத்தாழ அறுபது நூல்களும் உடன் சென்றன, ஒற்றைக் கண் அவரைப் படிப்பிலிருந்தும் தடுக்கவில்லை.) ஸ்பிரிங்பீல்டு என்னும் படைத்துறைத் துப்பாக்கிக்குத் தம் தோளுக்கும் கன்னத்துக்கும் ஒத்த வேட்டைக் கட்டை போடுவித்திருந்தார். வின்செஸ்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கிகளின் குறிகள் தாம் பழகிய பழைய துப்பாக்கியின் குறிகளைப் போல் இல்லையென்று கடுஞ்சினத்துடன் கடிதம் எழுதினார். அதைப் பெரிய மனிதரின் பிடிவாதம் என்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஐம்பது வயதுக் கண் அண்மையிலுள்ள பள்ளத்தையும் சேய்மையிலுள்ள விலங்கையும் ஒருசேரத் தெளிவாய்க் காணாது. பழகிய வடிவமானால் பாதி மங்கலாய்த் தெரிந்தாலும் கை அதை அறியும். ஒற்றைக் கண்ணருக்குக் குறியின் வடிவம் ஆடம்பரம் அன்று.

மூன்றாவது துப்பாக்கி, இங்கிலாந்து நண்பர்கள் பரிசளித்த ஹாலந்து அண்டு ஹாலந்து இரட்டைக் குழல். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் அதுவே. முதல் குண்டு பிழைத்தால் இரண்டாம் குண்டுக்குத் தாமதமில்லை. தொலைவைத் தவறாய்க் கணிக்கக்கூடியவருக்கு அது பெருந்துணை.

1909 ஏப்ரல் 21ஆம் நாள் மொம்பாசாத் துறைமுகத்தில் அவரும் மகன் கெர்மிட்டும் இறங்கினர். அந்தக் கடற்கரை சுவாஹிலி முஸ்லிம்களின் தாயகம். காட்டுப் பயணத்துக்குச் சுமை தூக்குவோர் மட்டும் இருநூற்றுக்கும் மேல். துப்பாக்கி ஏந்துவோராக ரூஸ்வெல்ட்டுக்கு அமைந்தவர்கள் முகம்மது, பக்காரி என்னும் இருவர். அபூபக்கர் என்ற பெயரே சுவாஹிலி நாவில் பக்காரி ஆனது. கெர்மிட்டுக்கு அமைந்தவருள் ஜுமா யொஹாரி என்னும் சுவாஹிலி முஸ்லிமும் ஒருவர்.

துப்பாக்கி ஏந்துபவரை வெறுஞ்சுமைகாரர் என எண்ணுதல் பிழை. தலைவரின் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாம் துப்பாக்கியோடு நடப்பது அவர் தொழில். கேளாமலே உரியதை உரிய நொடியில் கையில் தர வேண்டும். விலங்கு பாய்ந்து வருகையிலும் நின்ற இடம் பெயரக் கூடாது. விழுந்த விலங்கினிடம் கத்தியோடு ஓடி, உயிர் பிரியுமுன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாலன்றி முஸ்லிம் சுமையாளர்களுக்கு அவ்விறைச்சி ஆகாது. கிழக்காப்பிரிக்க வேட்டைகளில் அதுவும் அவர்கள் பொறுப்பே. இவை அனைத்துக்கும் மேலாக, முதலில் காண்பவர் அவரே. ரூஸ்வெல்ட் 1910இல் வெளியிட்ட வேட்டை நூலைப் படிப்போர் இதைக் கவனிக்கலாம். உடன் வந்தோர் விலங்கைச் சுட்டிக் காட்டுகின்றனர், அவர் தேடுகிறார், பிறகே சுடுகிறார். தாம் தேர்ந்த குறியாளர் அல்லர் என்பதை அவர் மறைக்கவுமில்லை. தொழிற்சாலைகளால் செய்து தர முடியாத இடக்கண்ணை மொம்பாசாக் கரையின் மக்கள் தந்தனர் என்பது என் துணிபு.

அத்துணையும் போதாமற்போன கணம் ஒன்று வந்தது. கென்யா மலைச் சரிவின் அடர்காட்டில் தம் முதல் யானையை இரு குழல்களாலும் சுட்டு வீழ்த்தினார். துப்பாக்கி வெறுமையான அந்நொடியில், பக்கத்துப் புதரைப் பிளந்துகொண்டு மற்றொரு களிறு, துதிக்கையால் தொடக்கூடிய அண்மையில் அவரைக் கடந்து பாய்ந்தது. அவர் மரத்தின் பின் ஒதுங்கித் தோட்டாக்களை மாற்ற, வழித்துணையாக வந்த கனிங்காம் சுட்டுக் களிற்றைத் திருப்பினார்.

ஏறத்தாழ ஓராண்டில் தந்தை 296, மகன் 216, ஆக 512 விலங்குகளைச் சுட்டனர். அவற்றுள் அன்றே அரிதாயிருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஒன்பது. சேகரித்த பதனங்களில் பெரும்பகுதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அறிவியலுக்குப் பயன் விளைந்தது மெய்யே. ஆயினும் அந்த எண்ணிக்கையை இன்று மனவுறுத்தலின்றிப் படிக்க முடிவதில்லை. 1910 மார்ச்சில் கார்ட்டூம் நகரில் பயணம் முடிந்தது. அங்கிருந்து கெய்ரோ சென்று ஆங்கில ஆட்சியைப் புகழ்ந்து பேசி எகிப்திய மக்களின் சினத்துக்கு ஆளானது வேறு கதை.

மூக்குக்கண்ணாடிக்கு இன்னொரு பங்கும் இருந்தது. 1912 அக்டோபரில் மில்வாக்கி நகரில் ஒருவன் அவரைச் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பேச்சையும் எஃகினாலான கண்ணாடிக் கூட்டையும் துளைத்த பிறகே குண்டு மார்பில் நுழைந்தது; உயிர் தப்பினார்.

இடக்கண் அறவே போய்விட்டதை அவர் வெளிப்படையாய்ச் சொன்னது 1917இல், இறப்பதற்குச் சுமார் ஓராண்டு முன்னரே. குத்திய காப்டனின் பெயரைச் சுயசரிதையில் அவர் எழுதவில்லை; அந்த மனிதரிடமும் சொல்லவில்லை. டான் மூர் என்னும் அந்த அதிகாரி, தாம் ஓர் அதிபரின் கண்ணைப் போக்கியதைச் செய்தித்தாளில் படித்தே அறிந்ததாகக் கூறினார்.