அறுந்த கேபிளும் ஈயப் பற்றும்

மோட்டார் கார்களின் வரலாற்றை எழுதுபவர்கள் என்ஜினுக்கும் உடற்கட்டுக்கும் பக்கம் பக்கமாக இடம் தருகிறார்கள். ஓட்டுநரின் கையையும் காலையும் அந்த என்ஜினோடு சேர்க்கும் கேபிளுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. பழைய கார்களில் சோக்கை இழுக்கவும், ஹேண்ட்பிரேக்கைப் பிடிக்கவும், பானட்டின் பூட்டை விடுவிக்கவும், பல மாடல்களில் கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் இயக்கவும் இந்தக் கேபிள்தான் பயன்பட்டது. அது அறுந்தால் நல்ல என்ஜின் உள்ள காரும் நின்ற இடத்திலேயே நிற்கும். இது எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று மட்டும் பார்த்தால் அதன் வரலாற்றில் பாதிதான் தெரியும். மறுபாதி பழுதுபார்த்தவர்களுடையது. நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேபிள் நிலைத்து நின்றதற்கு மலிவும் எடைக்குறைவும் காரணங்கள்தான். ஆனால் அறுந்தபோது, அதைச் செய்த தொழிற்சாலையின் தயவில்லாமல், சிறு பட்டறையிலேயே சரிசெய்ய முடிந்தது என்பதும் அவற்றுக்கு நிகரான காரணம். இதை ஏற்றால், பழைய கார்களைக் காப்பது என்பதற்கு நாம் தரும் பொருளும் மாறியாக வேண்டும்.

கேபிளின் மூதாதை ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் பிறந்தது. கனிமத்தை மேலே தூக்க அங்கே சணல் வடமும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டன. வடம் ஈரத்தில் மக்கியது. சங்கிலியோ ஒரே ஒரு கண்ணி விட்டாலும் முன்னறிவிப்பில்லாமல் அறுந்தது. கிளவுஸ்தாலில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பெர்ட் 1834-இல் தேனிரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். நான்கு கம்பிகள் சேர்ந்தது ஒரு புரி. மூன்று புரிகள் சேர்ந்தது ஒரு வடம். அதில் ஒரு கம்பி விட்டால் மற்றவை சுமையைத் தாங்கிக்கொண்டன, விட்ட கம்பியும் கண்ணுக்குத் தெரிந்தது. அறுவதற்கு முன் எச்சரிக்கும் இந்தக் குணம் கம்பி வடத்தின் பிறவிக் குணம், பிற்காலக் கார் கேபிளுக்கும் அதுவே வந்து சேர்ந்தது. அடுத்த படி பர்மிங்காமில் எடுக்கப்பட்டது. அங்கே ஜேம்ஸ் ஹார்ஸ்பால் 1854-இல் கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியைத் தகுந்த சூட்டுக்கு ஏற்றி, அளவாகக் குளிரவைத்து, பின் இழுத்து மெலிதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படிச் செய்த கம்பி மெலிதாக இருந்தும் பெரும் இழுவையைத் தாங்கியது. 1866-இல் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட தந்திக் கேபிளின் கவசத்துக்கு அவருடைய நிறுவனமே கம்பி கொடுத்தது. இந்த வலிமை சூட்டால் வந்தது, மிகுந்த சூட்டால் போகவும் கூடியது. பின்னால் பழுதுபார்க்கும் முறையையே தீர்மானித்தது இந்த உண்மைதான்.

அயர்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் மானிங்டன் போடன் 1896-இல் பிரிட்டனிலும் 1898-இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்ற அமைப்பு இந்தக் கம்பியைப் புதிய வேலைக்கு அழைத்தது. அதற்குமுன் கம்பி இழுத்தால் நேர்கோட்டில் மட்டுமே வேலை செய்யும். திரும்ப வேண்டிய இடத்தில் கப்பி வேண்டும், அல்லது தண்டுகளும் மூட்டுகளும் வேண்டும். போடன் கம்பியை நெருக்கமாகச் சுற்றிய ஒரு சுருளுக்குள் நுழைத்தார். உள்ளிருக்கும் கம்பி இழுபடும்போது வெளியிலிருக்கும் உறை அதே அளவு அழுத்தத்தைத் தாங்குகிறது. எந்த வளைவில் போனாலும் உறையின் நீளம் மாறாததால், ஒரு முனையில் கொடுத்த அசைவு மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பெருமையை ராலே சைக்கிள் நிறுவனத்தின் பிராங்க் போடனுக்குக் கொடுப்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த குழப்பம் அது. ராலே நிறுவனம் 1900-இல் உரிமம் பெற்று, கண்டுபிடித்தவரின் காப்புரிமைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதே கூட்டமைப்பில் கவென்ட்ரியின் லீ, பிரான்சிஸ் இருவரும், ரைலி சைக்கிள் நிறுவனத்தின் வில்லியம் ரைலியும் இருந்தார்கள். சைக்கிள் பிரேக்குக்காகக் கூடிய இவர்களுடைய நிறுவனங்கள் பிற்காலத்தில் கார்கள் செய்தன. சைக்கிளிலிருந்து மோட்டார்சைக்கிளுக்கும், அங்கிருந்து காருக்கும் கேபிள் போனது இப்படிப்பட்ட நேரடி உறவுகளின் வழியாகத்தான்.

இந்தக் கேபிள் எப்படிக் கெடுகிறது, எப்படிச் சரியாகிறது என்பதைக் கவனித்தால் என் வாதத்தின் முதல் சான்று கிடைக்கும். கேபிள் நடுவில் அறுவது அரிது. பெரும்பாலும் அது முனையில்தான் விடுகிறது. உட்கம்பியின் முனையில் நிப்பிள் எனப்படும் சிறு பித்தளைக் குமிழ் இருக்கும். லீவரின் குழியில் அது தடையின்றிச் சுழல வேண்டும். எண்ணெய் காய்ந்து, அழுக்கடைந்து நிப்பிள் சுழலாமல் நின்றால், ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி அதன் வாயிலேயே மடங்கி நிமிரும். நாளடைவில் புரிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து விடும். அதனால் நல்ல மெக்கானிக் அறுந்த கம்பியை மட்டும் பார்ப்பதில்லை. லீவரின் குழியையும், உறை கூர்மையாக வளைந்திருக்கும் இடத்தையும், ஈரம் புகுந்த வழியையும் பார்க்கிறார். பிறகு ஈயத்தை உருக்கிப் பழைய நிப்பிளைக் கழற்றி, உட்கம்பியை உருவி எடுத்து, அதே நீளத்தில் புதிய கம்பியை நுழைக்கிறார். நிப்பிளின் துளை வழியாக வந்த கம்பி நுனியின் இழைகளை விரித்து, அமிலத்தால் சுத்தம்செய்து, உருகிய ஈயத்தில் தோய்க்கிறார். விரிந்த இழைகள் ஈயத்துக்குள் ஆப்பாக இறுகி நிற்பதால், இழுக்க இழுக்கப் பிடிப்பு கூடுகிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸ் அருகில் உருகத் தொடங்குகிறது. எஃகின் வலிமையை அந்தச் சூடு தொடுவதில்லை. 600 டிகிரிக்கு மேல் வேண்டிய வெள்ளிப் பற்றை வைத்தால் பற்று வலுவாகத்தான் இருக்கும், ஆனால் கம்பி இளகி, பற்றுக்குப் பக்கத்திலேயே அறும். ஆகவே இங்கே எளிய முறையே சரியான முறையும் கூட. ஈயப் பற்றுக்கு வேண்டியவை ஒரு சிறு அடுப்பு, ஒரு கிண்ணம் ஈயம், கவனமுள்ள கை. இவை எந்த ஊர்ப் பட்டறையிலும் உண்டு.

கேபிள் மீது வைத்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதற்கும் சான்றுகள் உண்டு. முதல் உலகப் போரில் எஸ்.இ.5ஏ விமானத்தின் மேல் இறக்கையில் பொருத்தப்பட்ட லூயிஸ் துப்பாக்கியை விமானி தன் இருக்கையிலிருந்தே போடன் கேபிளால் சுட்டார். 1922-இல் வந்த ஆஸ்டின் செவன் காரில் பிரேக்குகள் முழுக்கக் கம்பியையே நம்பியிருந்தன. பெடல் பின்சக்கரங்களைப் பிடித்தது, கைலீவர் முன்சக்கரங்களைப் பிடித்தது. இரண்டும் 1930-இல்தான் இணைக்கப்பட்டன. பின்னர் ஹைட்ராலிக் முறை வந்ததும் கால்பிரேக்கை விட்டுக் கேபிள் விலகியது. சோக், ஹேண்ட்பிரேக், பானட் பூட்டு ஆகிய வேலைகளில் அது தொடர்ந்தது. சைக்கிள், மோட்டார்சைக்கிள் உலகம் உருவாக்கிய பழக்கமும் காருக்குத் தொடர்ந்து வந்தது. அங்கே உதிரி நிப்பிளும் கொஞ்சம் ஈயமும் ஓட்டுபவரின் பையிலேயே இருந்தன. பழுதை எதிர்பார்ப்பதும், அதைத் தானே தீர்ப்பதும் வாகனம் வைத்திருப்பதன் பகுதியாகவே கருதப்பட்டன.

இங்கே ஒரு தடை எழும். தயாரிப்பாளர்கள் கேபிளைத் தேர்ந்தது மலிவுக்காகவும் வளைந்து போகும் வசதிக்காகவும்தானே, பழுதுபார்க்கும் வசதியை யார் நினைத்தார்கள் என்று கேட்கலாம். தேர்ந்ததற்கு அவையே காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது ஒரு கேள்வி, அது ஏன் நிலைத்தது என்பது வேறு கேள்வி. கூட்டமைப்பில் இருந்தவர்களின் கதையே இதற்கு விடை. லீ-பிரான்சிஸ் கார் 1928-இல் அல்ஸ்டரில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை வென்றது. அந்தக் கவென்ட்ரித் தொழிற்சாலை இன்று இல்லை. ரைலி 1938-இல் மோரிஸின் கைக்குப் போய், 1969-இல் பெயராகவும் மறைந்தது. இரண்டின் கார்களும் இன்றும் ஓடுகின்றன. கேபிள் கேட்டு எழுத அந்த நிறுவனங்கள் இல்லாதபோதும் ஓடுகின்றன. இந்தியாவில் இது இன்னும் தெளிவு. உள்நாட்டில் முழுமையாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-இல் அரசு முடிவெடுத்ததைத் தொடர்ந்து, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே நடத்திய ஆலைகளை மூடின. அவற்றின் கார்கள் சாலையில் இருந்தன. உதிரிபாகத்துக்கு இறக்குமதி உரிமம் எளிதில் கிடைக்கவில்லை. சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டு காரின் பிரிட்டிஷ் மூலமான டிரையம்ப் ஹெரால்டு 1971-இல் நின்றுபோனது. பின்னர் சென்னையிலும் உற்பத்தி நின்றது. இந்தக் கார்கள் குப்பையாகாமல் காத்தவை புதுப்பேட்டை போன்ற இடங்களின் பட்டறைகள். அங்கே சோக் கேபிளுக்குப் பெட்டியில் வந்த பாகம் தேவைப்படவில்லை, சரியான தடிமனுள்ள கம்பியும் ஒரு நிப்பிளும் போதுமானவையாக இருந்தன.

பிறகு கேபிளின் செய்முறை மாறியது. துத்தநாகக் கலவையை உருக்கிக் கம்பி முனையிலேயே அச்சில் வார்த்தார்கள், அல்லது உலோகக் குழலை இயந்திரத்தால் நசுக்கிப் பிடிக்கவைத்தார்கள். உறைக்குள் நைலான் குழல் வந்தது, முனைகள் பிளாஸ்டிக்கில் பொதியப்பட்டன. நைலான் உரசலைக் குறைத்தது, அடிக்கடி எண்ணெயிடும் வேலையும் குறைந்தது. கேபிளின் ஆயுளும் கூடியது. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் இரு முனைகளும் நிரந்தரமாக மூடப்பட்டபின் உட்கம்பியை வெட்டாமல் வெளியே எடுக்க முடியாது. பழுதுபார்க்கும் பொருளாக இருந்தது மாற்றும் பொருளாகிவிட்டது. புதிய கேபிள் நல்லதாக இருக்கும்போது பழையதைச் சரிசெய்வானேன் என்று கேட்பவர்கள் இரண்டு செய்திகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். நைலான் உறையும் ஈயப் பற்றும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பழைய அளவில் நைலான் உறை போட்டு, முனையில் நிப்பிளைப் பற்றவைக்கத் தடை ஏதுமில்லை. பழுதுபார்ப்பவர்கள் எக்காலத்திலும் கிடைத்த நல்ல பொருளை ஏற்றே வந்திருக்கிறார்கள். மாறாக, எல்லாப் புதுமையும் பொருந்தும் என்பதும் இல்லை. துருப்பிடிக்காத எஃகில் சாதாரண முறையில் ஈயம் ஒட்டாது, முலாம் பூசிய எஃகுக் கம்பியே அதற்கு ஏற்றது. இதை அறிந்து தேர்வதே தொழிலறிவு.

வலுவான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. ஆக்சிலேட்டர் கேபிள் திரும்பாமல் சிக்கினால், ஹேண்ட்பிரேக் கேபிள் சரிவில் விட்டுப்போனால், விலை உயிராக இருக்கலாம். இந்த மறுப்பை முழு மனத்தோடு ஏற்க வேண்டும், ஏற்பதால் என் வாதம் தளர்வதில்லை. ஹேண்ட்பிரேக் கேபிள் தடிமனானது, பெரும் சுமை தாங்குவது. அதன் முனைகள் இயந்திர அழுத்தத்தால் பிடிக்கப்பட வேண்டும், சுமையிட்டுச் சோதிக்கப்பட வேண்டும். அதை அடுப்பும் கிண்ணமும் உள்ள பட்டறையில் செய்யக்கூடாது. திருகாணியால் பிடிக்கும் தற்காலிக நிப்பிள் கம்பி இழைகளை நசுக்கும். அது வீடு போய்ச் சேர்வதற்கு மட்டுமே உரியது. எதைக் கையால் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பிரித்தறிவதும் பழுதுபார்க்கும் கலையின் உள்ளேதான் இருக்கிறது. அந்தக் கலை மறைந்தால் அந்தப் பகுத்தறிவும் மறையும். பிரிட்டனில் 1960-இல் தொடங்கிய கட்டாய வாகனச் சோதனையிலிருந்து, பெருமாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு 2018 மே முதல் விலக்கு உண்டு. அரசின் சோதகர் பார்க்காத இடத்தில் உரிமையாளரும் மெக்கானிக்கும்தான் பார்க்க வேண்டும். பிரிந்து நிற்கும் ஒரு புரியின் எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் பாதுகாப்பு கூடாது, குறையவே செய்யும்.

பழம் வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற தூரின் சாசனம், கட்டடப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது. மூலப் பொருளை இயன்றவரை காக்க வேண்டும், குறைவாகத் தலையிட வேண்டும் என்பது அதன் நோக்கம். கேபிளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் நடைமுறையில் ஒரு முக்கிய விளைவு உண்டு. வரைபடங்கள் தொலைந்துபோன ஒரு காருக்கு, அறுந்த பழைய கேபிளே எஞ்சிய ஒரே வரைபடம். உறையின் நீளம், உறைக்கு வெளியே நிற்கும் உட்கம்பியின் நீளம், புரிகளின் எண்ணிக்கை, நிப்பிளின் வடிவம் ஆகிய எல்லாமே அதில் இருக்கின்றன. உட்கம்பியின் வெளிநீளம் சிறிது மாறினாலும் கிளட்ச் வழுக்கும், சோக் முழுதாக மூடாது. அதனால் அளவெடுத்துக் குறிக்காமல் பழையதை எறிவது ஓர் ஆவணத்தை எரிப்பதற்குச் சமம். புதிதாகச் செய்வதானாலும் பழையதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பழையதைப் படிக்கக் கற்றவர் பழுதுபார்ப்பவரே.

ஆகவே பழைய கார்களைக் காக்கும் சங்கங்களும் அருங்காட்சியகங்களும் உரிமையாளர்களும் வண்ணத்துக்கும் குரோமியத்துக்கும் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை இந்த அறிவுக்குத் தர வேண்டும். ஒவ்வொரு மாடலின் கேபிள் அளவுகளையும் எழுதிவைத்துப் பகிர வேண்டும். ஈயப் பற்று வைக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகளிடம் இளையவர்களை உட்காரவைக்க வேண்டும், அவர்கள் உழைப்புக்கு உரிய கூலி தர வேண்டும். தொழிற்சாலை மூடிய பின்னும் ஒரு கார் ஓடுகிறது என்றால், அதை வடிவமைத்தவரோடு சேர்த்து, அறுந்தபோதெல்லாம் அதை மீண்டும் இணைத்தவர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. அவர்களுடைய பெயர்கள் காப்புரிமை ஏடுகளில் இல்லை. அவர்களுடைய கைத்திறனை அடுத்தவருக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அவர்களுக்கு நாம் எழுதக்கூடிய நேர்மையான வரலாறு.