கூத்துக்களத்துக்கு வந்து சேர்ந்த பெட்டி

பங்குனி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. விடிய விடிய ஆடுபவர்களுக்குப் பின்னால், ஒரு பெஞ்சில், பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மத்தளம், டோலக், தாளம், முகவீணை இவற்றோடு ஓர் ஆர்மோனியமும் இருக்கும். பேச்சில் அது வெறும் ‘பெட்டி’தான். இந்தப் பெட்டியின் பூர்வீகம் பாரிஸ் என்பது அதைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவின் பெரிய இசைமேதைகள் பியானோவின் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

1840களின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்ற பாரிஸ்காரர் இதற்கு ஆர்மோனியம் என்று பெயரிட்டுக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருப்பவை மெல்லிய பித்தளை நாக்குகள். துருத்தியின் காற்று பட்டதும் அவை துடித்து ஒலிக்கும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அன்றைய ஆர்மோனியத்தைக் காலால் மிதித்து வாசித்தார்கள். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிய கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்கிவிடும். தேவாலயத்துக் குழாய் ஆர்கனில் ஒலி நிற்கும், ஆனால் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்காது. ஆர்மோனியத்தில் மிதியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே ஒரு ஸ்வரத்தைப் பெருக்கவும் ஒடுக்கவும் முடிந்தது. உணர்ச்சியே இசை என்று நம்பிய ரொமான்டிக் காலத்தவர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அந்த இசைமேதைகளில் ஒருவரான ஃபிரான்ஸ் லிஸ்ட் 1850களில் பியானோவையும் ஆர்மோனியத்தையும் ஒரே உடலில் சேர்த்த ராட்சதக் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார். ரோசினி, முதுமையில் எழுதிய பியானோ துண்டுகளுக்கு ‘முதுமையின் பாவங்கள்’ என்று பெயர் வைத்தவர், 1863இல் ஒரு பூசைப் பாடல்தொகுதி எழுதினார். பன்னிரண்டு பாடகர்கள், இரண்டு பியானோ, ஓர் ஆர்மோனியம், அவ்வளவுதான் அவர் கேட்டது. செசார் ஃபிராங்க் 1890இல், தம் கடைசி ஆண்டில், ஆர்மோனியத்துக்கென எழுதிக்கொண்டிருந்த சிறு துண்டுகளின் தொகுதி முடியாமலே நின்றுபோனது.

எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது த்வோர்ஷாக் கதை. பிராகில் அவருடைய நண்பர் யோசெஃப் செர்ப் வீட்டில் நண்பர்கள் கூடி வாசிப்பது வழக்கம். அந்த வீட்டில் பியானோ இல்லை, ஆர்மோனியம் இருந்தது. அதற்காகவே 1878இல் இரண்டு வயலின், ஒரு செலோ, ஓர் ஆர்மோனியம் என்று ஐந்து சிறு துண்டுகளை எழுதிக் கொடுத்தார். இருக்கும் கருவிக்குப் பாட்டு கட்டுவது என்பது நம் கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. அந்த ஐந்து துண்டுகளைக் கேட்கும்போது, வயலின்களுக்கு அடியில் ஆர்மோனியம் மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒலி நமக்கு அந்நியமாகவே இராது.

கப்பலேறி இந்தியா வந்தபோது ஆர்மோனியம் மிஷனரிகளோடும் வெள்ளைக்கார வீடுகளோடும் வந்தது. நம் வெயிலிலும் ஈரத்திலும் பியானோவின் தந்திகள் சுருதி கலையும், பலகை வெடிக்கும். பித்தளை நாக்குகள் தாக்குப்பிடித்தன. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் மிதியைக் கழற்றிவிட்டுத் துருத்தியைப் பின்பக்கம் பொருத்தினார். இடது கை துருத்திக்கு, வலது கை கட்டைகளுக்கு. தரையில் சம்மணம் போட்டு வாசிக்கும் கருவியாக அது மறுபிறவி எடுத்தது அங்கேதான். குஜராத்தின் பாலிதானா, ரீடு எனப்படும் இந்த நாக்குகளைச் செய்வதில் பெயர் வாங்கியது.

தமிழ் நாடக மேடைக்கு இது உயிர்நாடி ஆனது. மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா உச்சத்தில் பாடியபோது பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். பாடகரின் குரலை அளக்கும் அளவுகோலே இந்தப் பெட்டியின் கட்டைகள்தான். முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டைச் சுருதி, ஐந்தாவது ஐந்து கட்டை. ஆர்மோனியத்தை வேண்டாம் என்கிற கர்நாடக வித்வான்களும் தங்கள் சுருதியை இன்றைக்கும் இந்தக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

வேண்டாம் என்றவர்கள் நிறையப் பேர். தாகூருக்குப் பிடிக்கவில்லை. தில்லி வானொலியின் மேலை இசைப் பிரிவை நடத்திய ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் இதற்கு எதிராக எழுதினார். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. கமகம் பேசாது, ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லாது என்பது குற்றச்சாட்டு. அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி ஒரு கருவியையே வெளியே தள்ளியது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். கூத்தில் போய்ப் பாருங்கள். வழுக்குவதையும் அழுவதையும் முகவீணை பார்த்துக்கொள்ளும். பெட்டியின் வேலை வேறு.

‘கர்ண மோட்சம்’ நடக்கும் இரவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் கர்ண வேஷக்காரர் தோள்கட்டையும் கிரீடமுமாக நிற்கிறார். பெட்டிக்காரர் முதலில் சுருதியை மட்டும் விடுவார். வேஷக்காரர் அதில் குரலைச் சேர்த்து வரவுப் பாட்டைத் தொடங்குவார். ஒவ்வொரு அடி முடியும்போதும் பெட்டி அந்த மெட்டின் வாலைப் பிடித்துத் திரும்பப் போடும், அந்த இடைவெளியில் ஆடுபவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றுவார். பின்னிரவில் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில் அவர் குரல் கம்மும். துருத்தியைத் தள்ளும் இடது கை தானாகவே தளரும், ஒலி சிறுக்கும். பாரிஸில் காலால் செய்ததை இங்கே கையால் செய்கிறார்கள்.

இப்போது பல கூத்துச் செட்டுகளில் கீபோர்டு வந்துவிட்டது. எடை குறைவு, சுருதி கலையாது, மைக் செட்டில் நேராக ஒயரைச் செருகிவிடலாம். வருமானம் குறைந்த கலைஞர்கள் வசதியானதைத் தேர்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெட்டிக்காரரின் இடது கைக்கு அதில் வேலை இல்லை. பெட்டியைக் கைவிடாத செட்டுகளைக் கூப்பிட்டு, கோயில் கமிட்டிகள் நூறோ இருநூறோ கூடுதலாகத் தந்தால் நன்றாக இருக்கும். ஐரோப்பாவில் ஆர்மோனியம் வீடுகளிலிருந்து மறைந்து நெடுநாளாகிறது. ரோசினியின் பூசைப் பாடலை அவர் எழுதியபடியே வாசிக்க விரும்புகிறவர்கள் பழைய பெட்டி ஒன்றைத் தேடி அலைகிறார்கள், கிடைக்காதபோது அக்கார்டியனை வைத்துச் சமாளிக்கிறார்கள்.