இரண்டு பெயர்க்காரர்கள்: தேவிகுளம் மலைக் கிறிஸ்தவர்களின் கதை

மலர்க் குழுவினர் என்னிடம், "உங்க மலையைப் பத்தி ஏதாச்சும் எழுதுங்க சார்" என்று கேட்டபோது, தேயிலையைப் பற்றி எழுதுவதா, வரையாட்டைப் பற்றி எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் என் பாட்டி வந்து நின்றாள். நான் தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்க.

மூணாறு போன அன்பர்கள் அந்தக் குன்றின் மேலுள்ள சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆலயம் எழுந்தது 1910-11இல். கல்லறைத் தோட்டமோ அதற்கும் முந்தியது. ஹென்றி மான்ஸ்பீல்டு நைட் என்ற துரையின் இளம் மனைவி எலினோர் 1894இல் காலராவில் இறந்து அங்கே புதைக்கப்பட்டார். சுற்றுலா வருபவர்கள் அந்தக் கல்லறையைப் படம் பிடிக்கிறார்கள். அதே காலராவிலும் மலைக் காய்ச்சலிலும் போன எங்கள் ஆட்களின் குழிமேடுகள் தேயிலைக்குள்ளே மூடிப் போயின. என் தாத்தாவின் குழி எது என்று எங்கப்பாவுக்கே தெரியாது.

1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னே காடு அழிந்து தோட்டம் வந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். முன்பணம் தீராது, ஆளும் இறங்க முடியாது. பக்கத்து ஆனைமலைத் தோட்டங்களில் இது எப்படி நடந்தது என்பதை மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' நாவலில் எழுதினார். இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு' அதன் தமிழாக்கம்தான். வாசிக்காதவர்கள் அவசியம் வாசிக்கணும்.

"துரை மதம், அதான் கூலிக்காரனும் சேர்ந்தான்" என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது சரியல்ல என்பது என் எண்ணம். பலர் இந்த விசுவாசத்தை ஊரிலிருந்தே மூட்டையோடு கொண்டு வந்தார்கள். தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். ஆனால் கோயில் கட்ட அரசாங்க அனுமதி கிடைத்து அஸ்திவாரம் போட 1809 ஆயிற்று. அதற்கும் முன்னால், 1745இல் மதம் மாறிய நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்ற பெயரோடு 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த மன்னர்களின் ராஜ்யத்தில்தான் தேவிகுளமும் இருந்தது. தோளில் சேலை போட்டதற்காக அடிபட்ட பெண்களின் வழக்கு 1859 பிரகடனம் வரை இழுத்தது. அடி வாங்கியும் விடாத ஒன்றை, துரையின் தயவுக்காகப் பிடித்தது என்று எப்படிச் சொல்ல?

பாட்டி கதைக்கு வருகிறேன். 1924 வெள்ளத்தில், மலையாளத்தார் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்களே, அதில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையே அடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு எட்டு வயசு. இருபது வயசில், ராத்திரி லயத்தில் ஜெபம் நடத்திய ஒரு உபதேசியார் மூலம் ஞானஸ்நானம் எடுத்தாள். எழுத்தும் அவரே சொல்லிக் கொடுத்தார். சபைப் பதிவேட்டில் புதுப் பெயர் ஏறியது. பிரட்டுச் சிட்டையில் கணக்கப்பிள்ளை பழைய பெயரையே எழுதினார். யாரும் ஏமாற்றவில்லை, இரண்டு நோட்டு, இரண்டு பெயர், அவ்வளவுதான்.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த ஜனாதிபதி ஆணை இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டது. பட்டியல் சாதிக்காரர் இந்துவாக இருக்கணும் என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடமுண்டு, ஆனால் அது வேறு கணக்கு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் போய் 1985இல் தோற்றார்.

எங்கண்ணன் கல்லூரியில் சேர்ந்தது 1968இல். உதவித்தொகை மனுவை ஒரு அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாட்டி சொன்னாள்: "எய்யா, எம் பழைய பேரு சிட்டையில கெடக்கு. அதக் காட்டி வாங்கிக்க. கும்பிடுறவருக்கு நம்மளத் தெரியாதா?" அப்பா கேட்கவில்லை. "ஞானஸ்நானத்த மறச்சா வாங்கணும்?" என்றார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனான். அப்பா செய்தது விசுவாசமா பிடிவாதமா, எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தேவிகுளம் தனித்தொகுதி. 2021இல் வென்ற அ. ராஜா கிறிஸ்தவர் என்று கூறிக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் வெற்றி செல்லும் என்றது. வழக்கில் இரண்டு கேள்விகள்: ஞானஸ்நானமா இல்லையா, தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து 1950க்கு முன்னால் மலையேறினார்களா. இரண்டுமே அந்த ஒரே ஆணையைச் சுற்றியவை. சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதை, வெளி மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரட்டுச் சிட்டை, ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் கார்டு எது கிடைத்தாலும் எரித்துவிடாதீர்கள்.

பாட்டி 1983இல் காலமானாள். மரச் சிலுவையில் அப்பா ஞானஸ்நானப் பெயரை எழுதினார். சர்க்கார் மரணச் சான்றிதழில் பழைய பெயர். அவள் பேரில் இருந்த சேமிப்புப் பணத்தை வாங்க, இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தவர் எங்கள் சபை ஐயர். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பக்கத்து லயத்து மாரியம்மன் கோவில் பூசாரி.