ஒரு மங்கு, மூன்று வகுப்பு

வயது கலந்த பிள்ளைகளை ஒரே பொருளை வைத்துப் படிப்பிப்பது புது முறையாம். ஜொகூரில், செடெனாக் ரப்பர் தோட்ட லயத்தில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டப் பள்ளியில் அது பழைய கதை.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லை. ஆனால் இங்கும் தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளி எழுந்தது. வாத்தியார்? பல இடங்களில் கிராணி, இல்லையென்றால் எழுத்து தெரிந்த கங்காணி.

எங்களுக்கு வாய்த்தவர் நல்லவர். மேசையில், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை வைப்பார். பொடிசுகள் ‘பால்’ என்று எழுதும். நடுவாந்திரங்கள் நூறு மரத்துப் பாலைக் கணக்குப் போடும். பெரிய பிள்ளைகள், விடியுமுன்னே ஏன் மரம் சீவுகிறோம் என்று எழுதவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று அக்கா எழுதினாள், மடியில் தம்பி தூங்க. அம்மா அந்நேரம் மரம் சீவும் நிரையில் இருந்தாள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனம் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் நகர்ந்தது. செடெனாக்கில் இப்போது தரவு மையங்கள் நிற்கின்றன. பழைய தோட்டப் பள்ளிப் பதிவேடு யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.